எழுத்தால் கரை கட்டுவது

கொல்கத்தாவில் பூஜைச் சாமான் கடைகளில் மஞ்சளிலோ காவியிலோ ஒரு துண்டு தொங்கும். உடல் முழுக்கச் சிவப்பு மையில் இறைவன் பெயர்களை வரிவரியாக அச்சிட்டிருப்பார்கள். நாமாவளித் துண்டு, வங்காளிகள் நாமாபலி என்பார்கள். புரோகிதர் தோளில் அது இல்லாத பூஜையை அந்த ஊரில் பார்ப்பது அரிது. அதில் பூவேலையோ கொடிவேலையோ தேவைப்படவில்லை, பெயர்களே வேலைப்பாடு. பத்தடி தள்ளி நின்றால் நெருக்கமான கோடுகள் போட்ட துணி, கிட்டே போனால் நாமம்.

படத்துக்கு எழுத்தால் பார்டர் போடும்போது நாம் தேடுவதும் இதைத்தான். முதல் பார்வைக்கு அலங்காரமாகவும் இரண்டாம் பார்வைக்கு வாசகமாகவும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் வேலை கெட்டது. படிக்க முடியாத பார்டருக்கு எழுத்தே வேண்டாம், மென்பொருளோடு வரும் பூக்கொடி போதும். படிக்க மட்டும் முடிந்தால் அது நாலு பக்கமும் ஒட்டிய படக்குறிப்பு.

இந்தத் துண்டைப் புத்தக அட்டைக்குக் கொண்டுபோனவர் சத்யஜித் ராய். சினிமாவுக்கு வருமுன், 1943-ல், கொல்கத்தாவின் டி.ஜே. கீமர் விளம்பர நிறுவனத்தில் ஓவியராகச் சேர்ந்தார். அங்கே உடன் வேலை பார்த்த டி.கே. குப்தா சிக்னெட் பிரஸ் என்ற பதிப்பகத்தைத் தொடங்கியபோது அட்டை வடிவமைப்பு ராயின் கைக்கு வந்தது. அச்சிந்த்ய குமார் சென்குப்தா எழுதிய ராமகிருஷ்ணர் வரலாற்றுக்கு அவர் போட்ட அட்டை நாமாவளித் துண்டின் சாயலிலேயே இருக்கும். 1961-ல் தொடங்கிய 'எக்ஷண்' என்ற சிற்றிதழுக்கு இன்னொரு விளையாட்டு. பெயரில் இருப்பது மூன்றே வங்க எழுத்துகள். இதழுக்கு இதழ் அந்த மூன்றையே வளைத்து, அடுக்கி, நிறம் மாற்றி அட்டையாக்கினார். படமே வேண்டியிருக்கவில்லை. பக்க வடிவமைப்பு பழகுகிறவர்கள் அந்த அட்டைகளைத் தேடிப் பார்ப்பது எந்த மென்பொருள் வகுப்பையும்விடப் பயன் தரும் என்பது என் எண்ணம்.

நமக்கும் இது புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ராஜராஜன் காலக் கல்வெட்டு பட்டை பட்டையாக ஓடுகிறது. கொடை விவரம்தான், கணக்குப் புத்தகம் மாதிரி. ஆனாலும் தூரத்துப் பார்வைக்குக் கட்டடத்துக்குக் கரை கட்டிய மாதிரி இருக்கிறது. அந்தப் பட்டை அவ்வளவு சீராகத் தெரிவதற்கு ஒரு காரணம், கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள் என்பது. நமக்கு அந்தச் சலுகை இல்லை. தமிழில் எழுத்துப் பார்டரின் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எழுத்தின் உடம்பு

மென்பொருளைத் திறக்குமுன் வாசகத்தை ஒரு தாளில் எழுதி, மேலேயும் கீழேயும் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடித்துவிட்டால் பட்டை தானாக வந்துவிடும், மேலும் கீழும் மட்டமாக நிற்கும். வங்க எழுத்துக்குத் தலைக்கோடு உண்டு. மாத்ரா என்பார்கள். பெரும்பாலான எழுத்துகள் அந்தக் கோட்டிலிருந்து தொங்குவதால் சொல்லுக்குச் சொல் ஓர் ஓரம் தயாராகக் கிடைத்துவிடும். தமிழில் இந்த இரண்டும் இல்லை. மேலே புள்ளியும் இகர ஈகாரக் கொக்கியும் நீட்டும். கீழே உகர ஊகாரச் சுழி இறங்கும். இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் கால்.

ஆகவே வாசகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பொருளோடு உருவத்தையும் பார்க்க வேண்டும். 'கங்கைக் கரை' என்று போட்டால் ஒன்றிரண்டு புள்ளியைத் தவிர எதுவும் கோட்டைத் தாண்டாது, பட்டை அமைதியாக இருக்கும். 'ஹூக்ளி நதி' என்று போட்டால் முதல் எழுத்திலேயே கீழே ஒரு சுழி, அடுத்தடுத்து மேலே கொக்கிகள். இரண்டாவதைப் போடக் கூடாது என்பதில்லை. போட்டால் பட்டையின் அகலத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 12 புள்ளி (பாயின்ட்) எழுத்தின் மொத்த உயரம் 4.2 மி.மீ.; அதற்கு 6 மி.மீ. பட்டை கொடுத்தால் புள்ளியும் சுழியும் மூச்சு விட இடம் இருக்கும்.

எழுத்துகளை இழுத்துப் பரப்பி இடத்தை நிரப்பும் வழக்கம் ஆங்கிலப் பக்கத்திலிருந்து வந்தது. ட்ராக்கிங் எண்ணைக் கூட்டினால் ஆங்கிலத்தில் கம்பீரமாக இருக்கும். தமிழில் கொம்பு ஒரு பக்கமும் மெய் ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கக்கூடும். 'கொ' என்ற ஓரெழுத்து மூன்று துண்டாகும். வங்கத்தில் தலைக்கோடு அறுந்து பல் விழுந்த சீப்பாகிவிடும். இடம் மிஞ்சினால் சொற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியிலோ புள்ளி, பூ போன்ற பிரிப்பானிலோ சரிக்கட்டுங்கள். எழுத்துக்குள் கைவைக்காதீர்கள்.

இன்னொன்று, யூனிகோட். அச்சகங்களில் இன்னமும் பழைய குறியீட்டு ஃபாண்டுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நேர்வரியில் அவை அடங்கி நடக்கும். வளைந்த பாதையில் ஏற்றினால் கொம்பும் காலும் தனித்தனி எழுத்தாகக் கணக்காகி ஒவ்வொன்றும் தன் பாட்டுக்குச் சாயும். பார்டர் வேலைக்கு யூனிகோட் ஃபாண்ட்தான். இன்டிசைனில் பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி காம்போசரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். இலவச மென்பொருளான ஸ்கிரைபஸில் 1.4 வரிசைப் பதிப்புகள் இந்திய மொழிகளைச் சரியாகக் கோக்காது, 1.6 பதிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓடு பதிக்கும் கணக்கு

பலரும் நேரே செய்வது, படத்தைச் சுற்றி ஒரு கட்டம் வரைந்து, அதன் ஓரத்தில் எழுத்தை ஏற்றி, முட்டும்வரை வாசகத்தை ஒட்டிக்கொண்டே போவது. கடைசி மூலையில் வாசகம் பாதியில் நிற்கும். அப்போது எழுத்தளவைக் கால் புள்ளி குறைத்து, அரைப் புள்ளி கூட்டி, ஒரு மணிநேரம் போகும். கணக்கு முதலிலேயே போட்டால் இந்தத் தவிப்பு இல்லை.

கேமராப் படங்கள் பெரும்பாலும் 3:2 விகிதத்தில் இருக்கும். 120 மி.மீ. அகலம், 80 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் மீதியின்றி வகுக்கும் பெரிய எண் 40. ஆக, வாசகம் ஒன்றுக்கு 40 மி.மீ. ஒதுக்கினால் மேலே மூன்று, கீழே மூன்று, பக்கத்துக்கு இரண்டு என்று பத்து முறை சரியாக உட்காரும். செல்போன் படம் 4:3 என்றால் 120-க்கு 90. ஒதுக்கீடு 30 மி.மீ.; நாலும் மூன்றுமாகப் பதினான்கு முறை.

இப்போது 40-க்கு 6 மி.மீ. அளவில் ஓர் எழுத்துச் சட்டகம் வரையுங்கள். வாசகத்தை நடுவில் நிறுத்துங்கள். வாசகம் 34 மி.மீ.-க்குள் அடங்க வேண்டும், இருபுறமும் 3 மி.மீ. காலி. 12 புள்ளியில் ஏறக்குறைய பத்து எழுத்து கொள்ளும். ஃபாண்டைப் பொறுத்து ஒன்றிரண்டு கூடும், குறையும். செங்குத்தாகவும் நடுவில் நிறுத்தச் சொன்னால் மென்பொருள் தன் கணக்கில் நிறுத்தும், ஆனால் கண்ணுக்கு வாசகம் மேலேயோ கீழேயோ தள்ளி நிற்பதாகத் தோன்றும். மேலே இரண்டு புள்ளி, கீழே ஒரு சுழி என்று எடை சமமில்லாமல் இருப்பதால் வருவது இது. பேஸ்லைன் ஷிஃப்ட்டில் அரைப் புள்ளி ஏற்றி இறக்கி உங்கள் கண்ணுக்குச் சரி செய்யுங்கள். அளவுகோலை நம்ப வேண்டாம்.

இந்தச் சட்டகம்தான் உங்கள் ஓடு. இன்டிசைனில் ஸ்டெப் அண்ட் ரிப்பீட் கட்டளையில் 40 மி.மீ. நகர்வு கொடுத்தால் மேல்வரிசை தயார். ஸ்கிரைபஸிலும் இதே வேலையை மல்டிபிள் டூப்ளிகேட் செய்யும். ஓடும் ஓடும் சேரும் இடத்தில் ஒரு சிறு புள்ளி அல்லது வைரக்கட்டம். நாலு மூலையிலும் 6 மி.மீ. சதுரம் காலியாக இருக்கும். அங்கே வைக்கும் பூ, நடுப்புள்ளியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். வாசக முனையிலிருந்து மூலைக்குத் தூரம் அதிகம் என்பதால் சின்னப் புள்ளி அங்கே தொலைந்துபோகும்.

படம் இந்த விகிதங்களுக்குள் வராவிட்டால்? படத்தை வெட்டுங்கள். வானத்தில் ஐந்து மில்லி போனால் யாருக்கும் தெரியாது. எழுத்தை நசுக்கினால் தெரியும்.

கீழ்ப்பக்கம் எந்தத் திசை

மேல் வரிசை இடமிருந்து வலம். வலப்பக்கம் மேலிருந்து கீழ். அப்படியே சுற்றிவந்தால் கீழ் வரிசை தலைகீழாக நிற்கும். கல்வெட்டை வாசிப்பவர் கோயிலைச் சுற்றி நடப்பார், அதனால் அங்கே கேள்வியே எழாது. பக்கத்தைப் பார்ப்பவர் உட்கார்ந்த இடத்தில் இருக்கிறார்.

இதில் நான் கறார். சாமி பெயரோ மனிதர் பெயரோ இருந்தால் கீழ்வரிசை நிமிர்ந்தே இருக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் மணப்பெண் பெயர் தலைகீழாக அச்சானால் பாட்டி முதல் ஆளாகப் பார்த்துவிடுவார். 'அபசகுனம்' என்ற பிறகு எந்த வடிவமைப்பு நியாயமும் எடுபடாது. ஊர்ப் பெயர், செய்யுள் அல்லாத பொதுச் சொற்கள் என்றால் தலைகீழாக ஓடினாலும் கேடில்லை.

வங்க எழுத்தில் இது வேறு மாதிரி உறுத்தும். தொடர்ச்சியாகச் சுற்றினால் தலைக்கோடு நாலு பக்கமும் வெளிப்புறம் அமைந்து அதுவே ஒரு கட்டமாகிவிடும், அழகு. கீழ்வரிசையை நிமிர்த்தினால் அந்தப் பக்கம் மட்டும் தலைக்கோடு படத்தைப் பார்த்து உள்ளே நிற்கும். கட்டம் ஒரு பக்கம் திறந்த மாதிரி ஆகிவிடும். கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் வங்காளிச் சம்பந்தம் இப்போது சகஜம். இருமொழிப் பத்திரிகைகள் வருகின்றன. அதற்கு ஒரு வழி: மேல்வரிசை வங்கத்தில், கீழ்வரிசை தமிழில், பக்கவாட்டில் எழுத்தே வேண்டாம், வெறும் கோடு. வங்கத் தலைக்கோடு வெளிப்புறம் நிற்கிறது, தமிழ் நிமிர்ந்து நிற்கிறது, இரு வீட்டாருக்கும் குறை இல்லை.

வளைந்த பாதை

வட்டப் படத்துக்கோ மூலை உருண்ட படத்துக்கோ ஓட்டு முறை உதவாது. பாதையில் எழுத்தை ஏற்ற வேண்டும். இன்டிசைனில் ஷிஃப்ட் விசையோடு டி அழுத்தினால் அதற்கான கருவி வரும். பாதையின் மேல் கொண்டுபோனால் கூட்டல் குறி தோன்றும். அங்கே சொடுக்கித் தட்டெழுதலாம். ஸ்கிரைபஸில் எழுத்துச் சட்டகத்தையும் பாதையையும் ஒருசேரத் தேர்ந்தெடுத்து, ஐட்டம் பட்டியலில் அட்டாச் டெக்ஸ்ட் டு பாத் கொடுக்க வேண்டும். பாதையைப் படச் சட்டகத்திலிருந்தே எடுக்காமல் தனியாகக் காலிக் கட்டமாக வரைந்து வைத்துக்கொள்வது நல்லது. நாளைக்குப் படத்தை மாற்றச் சொல்வார்கள்.

மூலையின் ஆரம் எழுத்துயரத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் மூலையில் எழுத்துகளின் தலை விசிறிபோல் விரிந்து கால் நெருக்கியடிக்கும். தமிழ் உருண்டை எழுத்து என்பதால் வளைவு அதற்குப் பொருந்தும். ட, ப, ம போன்ற கட்ட எழுத்துகள் மட்டும் மூலைக்கு வராமல் வாசகத்தைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள். வங்கத்தில் தலைக்கோடு எழுத்துக்கெழுத்து உடைந்து ஆப்புபோல் இடைவெளி விழும். அங்கே எழுத்தை அவுட்லைனாக்கி, இன்க்ஸ்கேப்பில் பேட்டர்ன் அலாங் பாத் விளைவைப் பயன்படுத்தினால் எழுத்தின் வடிவமே வளையும், கோடு அறாது.

எதை எழுதுவது

ஒரே வாசகத்தைத் திருப்பித் திருப்பிப் போடுவது நாமாவளிக்குப் பொருந்தும், ஏனென்றால் அங்கே திரும்பச் சொல்வதே வழிபாடு. ஒரு டிராம் வண்டிப் படத்தைச் சுற்றி 'கொல்கத்தா டிராம்' என்று பத்து முறை எழுதினால் வாசகர் இரண்டாவது முறைக்கு மேல் படிக்க மாட்டார். கொல்கத்தாவில் 1873-ல் குதிரை இழுத்து ஓடத் தொடங்கி, 1902-ல் மின்சாரத்துக்கு மாறிய வண்டி அது. அதற்கு நான் போடுவது ஊர்ப் பெயர்கள்: ஷியாம்பஜார், பெல்காச்சியா, ராஜாபஜார், காலேஜ் ஸ்ட்ரீட், எஸ்பிளனேடு, கிதிர்பூர், கரியாஹாட், பாலிகஞ்ச், டாலிகஞ்ச். நடுவே ஒரு சிறு வட்டம். இரண்டு மெல்லிய கோடுகளுக்கு நடுவே ஓட விட்டால் தண்டவாளமாகவும் தெரியும். ஓடுபோல் சம அளவில் வராது என்பதால் சுற்றளவைக் கணக்கிட்டு, 400 மி.மீ. என்றால், பெயர்களின் மொத்த நீளத்தைக் கழித்து, மீதியைப் பிரிப்பான்களுக்குச் சமமாகப் பங்கிடுங்கள். மூலையில் எந்தப் பெயரும் உடையாதபடி வரிசையை மாற்றிக்கொள்ளலாம். டிராம் வழித்தட வரைபடம் அல்ல இது.

அச்செழுத்தே வேண்டாம் என்று தோன்றும் படங்களும் உண்டு. தாகூர் 1924 வாக்கில் 'பூரபி' கவிதைகளை எழுதும்போது அடித்துத் திருத்திய சொற்களைக் கோடுகளால் இணைத்துப் பறவையும் மிருகமுமாக ஆக்கிக்கொண்டே போனார். அந்தக் கிறுக்கலிலிருந்து ஓவியராகி, 1930-ல் பாரிஸில் கண்காட்சி வைத்தார். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். அறுபதாம் கல்யாண மலர் என்றால் அப்பாவின் பழைய இன்லண்ட் கடிதம் ஒன்று வீட்டில் இருக்கும். அதிலிருந்து நாலைந்து வரியை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, இன்க்ஸ்கேப்பில் டிரேஸ் பிட்மேப் கொடுத்தால் கையெழுத்து கோட்டுருவாகிவிடும். வரிகளை வெட்டி நாலு பக்கமும் அடுக்குங்கள். மட்டம் தப்பி இருந்தால் திருத்தாதீர்கள். கடிதத்தில் குடும்ப ரகசியம் எதுவும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அலங்காரம்தானே என்று நினைக்கும் இடத்தில்தான் மாமியார் எழுத்துக்கூட்டிப் படிப்பார்.

அச்சுக்குப் போகுமுன்

எழுத்துப் பார்டரை ஒரே மையில் அச்சிடுங்கள். நாலு வண்ணக் கலவையில் சிறிய எழுத்து போட்டால் தகடு இம்மி நகர்ந்தாலும் ஓரம் கசிந்து தெரியும். கருமையில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் 9 புள்ளிக்குக் கீழே போக வேண்டாம். தமிழின் சிறு சுழிகளுக்குள் மை புகுந்து அடைத்துவிடும். படத்தின் மீதே எழுத்தை ஓட்டாமல் பட்டைக்கு ஒரு தட்டை நிறம் கொடுங்கள். பக்க ஓரத்துக்கு 5 மி.மீ. உள்ளே தள்ளி வையுங்கள். "கட்டிங்ல ஒரு மில்லி போனா நான் என்ன தம்பி பண்றது?" என்று சிவகாசி அண்ணாச்சி கேட்பதில் நியாயம் இருக்கிறது. பார்டர் இல்லாத பக்கத்தில் அந்த ஒரு மில்லி யாருக்கும் தெரியாது, பார்டர் காட்டிக்கொடுத்துவிடும்.

எழுத்தை அவுட்லைனாக்குவதற்கு முன் கோப்பை வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். அவுட்லைனான பிறகு ஒற்று விட்டுப்போனதைக் கண்டுபிடித்தால் சேர்க்க வழியில்லை. பிடிஎஃப்-ஆக இணையத்தில் ஏற்றும் மலர் என்றால் அவுட்லைனாக்குவதில் ஒரு நன்மையும் உண்டு: பார்வையற்ற வாசகரின் திரைவாசிப்பான் ஒரே வாசகத்தைப் பத்து முறை ஒப்பிக்காது. வாசகத்தை ஒரு முறை மட்டும் படக்குறிப்பில் கொடுத்துவிடுங்கள்.

துர்கா பூஜைப் பந்தல் ஃபிளெக்ஸுக்கும் இதே வடிவமைப்பைப் பெருக்கிப் பயன்படுத்தலாம், ஆனால் கண்ணுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரத்தை மறக்கக் கூடாது. தாஜ்மகாலின் வாசலைச் சுற்றி அமானத் கான் எழுதிய வாசகப் பட்டையில், கீழே நிற்பவருக்கு ஒரே அளவாகத் தெரிவதற்காக மேலே போகப் போக எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறார். ஃபிளெக்ஸுக்கு அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. பத்தடித் தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்பது பலகை எழுதுபவர்களின் கணக்கு. இருபதடி தள்ளி நிற்கும் கூட்டத்துக்கு இரண்டு அங்குலம், அதாவது 50 மி.மீ. நம் 12 புள்ளி எழுத்தின் உடல் உயரம், புள்ளியும் சுழியும் நீங்கலாக, 2.5 மி.மீ. அளவு, இருபது மடங்கு பெருக்க வேண்டும். அப்போது படம் 2.4 மீட்டர், ஏறக்குறைய எட்டடி அகலம். எட்டடிக்கு இடம் இருந்தால் நாலு பக்கமும் போடுங்கள். நாலடிதான் என்றால் பக்கவாட்டுப் பட்டைகளை எடுத்துவிட்டு, மேலே ஒன்று கீழே ஒன்று என்று பெரிய எழுத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.